சாரதியும் சட்டத்தின் மொழியும்: ஓர் அறவியல் நோக்கு

சட்டத்தை அறியாமை குற்றத்துக்கு மன்னிப்பாகாது என்பது உரோமர் காலந்தொட்டு வழங்கிவரும் கோட்பாடு. குடிமக்கள் ஒவ்வொருவரும் தம் நாட்டின் சட்டத்தை அறிந்திருக்கின்றனர் எனக் கொள்ளாவிடின் எந்தச் சட்டமும் செயற்படாது போகும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். நியாயம் வலுவுடையதே. ஆயின், அறிந்திருத்தல் குடிமக்களின் கடமை என்றால், அறியத்தக்க வகையிற் கூறுதல் எவருடைய கடமை என்னும் வினாவும் அதனுடன் கூடவே பிறக்கின்றது. முதற் கடமையை வற்புறுத்துவோர் பலர். இரண்டாவதைக் கேட்போர் சிலர். பல மொழிகள் வழங்கும் நாட்டில் இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. நள்ளிரவில், வீதியோரத்தில், நிறுத்தப்பட்ட லொறியொன்றின் கதவருகே எழுகின்ற வினா இது.

அண்மையில் இவ்வினா உலகச் செய்தியாயிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி அமெரிக்க சனாதிபதி டொனால்ட் டிரம்ப், வர்த்தக லொறிச் சாரதிகள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும் என்னும் விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு கட்டளை பிறப்பித்தார். விதி புதியதன்று, 1930களிலிருந்தே அந்நாட்டில் உள்ளது. சாரதியானவர் பொதுமக்களுடன் உரையாடவும், ஆங்கிலத்திலுள்ள வீதிக் குறியீடுகளை விளங்கிக்கொள்ளவும், அலுவலர் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கவும், பதிவேடுகளை நிரப்பவும் போதிய ஆங்கிலம் வாசிக்கவும் பேசவும் வல்லவராயிருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். 2016இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. ஆங்கிலம் போதாமை ஒன்றையே காரணமாகக் காட்டிச் சாரதியை வழியில் இறக்கிவிட வேண்டியதில்லை என்றாயிற்று. 2025 ஜூன் 25 முதல் அந்தத் தளர்வு நீங்கியது. வீதியோரச் சோதனையிற் தவறும் சாரதி அவ்விடத்திலேயே ஓட்டுவதை நிறுத்தவேண்டும்.

பஞ்சாபியரும் ஸ்பானிய மொழியினரும் அங்கே பெருந்தொகையினராய் லொறி ஓட்டுகின்றனர். அவர்களை நாட்டுக்குள் வராது தடுக்கும் சூழ்ச்சியே இது என்று சிலர் கூறினர். வீதியிற் செல்வோரின் உயிர்காக்கும் ஏற்பாடு என்று வேறு சிலர் கூறினர். இரு சாராரும் மற்றவரின் உள்நோக்கத்தைப் பற்றியே பேசினர் எனலாம். உள்நோக்கத்தை ஒதுக்கிவைத்து விதியையே எடுத்து ஆராய்ந்தால் என்ன தெரிகின்றது? தொழிலொன்றைச் செய்வதற்கு மொழியொன்றை நிபந்தனையாக்குவது எப்பொழுது அறமாகும், எப்பொழுது அறமாகாது? இதனை ஆராய அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. மன்னாரிலிருந்தே தொடங்கலாம்.

மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து என் தாய்மாமன் மீன் லொறி ஓட்டுகின்றார். மாலையிற் கரைக்கு வந்த பாரையும் கணவாயும் நண்டும் ஐஸ் இட்ட பெட்டிகளில் ஏறும். லொறி தாம்போதியைக் கடந்து முருங்கன், செட்டிக்குளம், மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாகச் சென்று விடியுமுன் பேலியகொடை மீன்சந்தையை அடைந்தாக வேண்டும். பிந்தினால் விலை விழும். அவருக்குச் சிங்களம் பேச ஓரளவு வரும்; மீன் விலையும் டீசல் விலையும் பேசித் தீர்க்குமளவுக்கு வரும். வாசிக்க வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, வழியில் ஓரிடத்திற் பொலிசார் அவரை மறித்தனர். அலுவலர் ஒருவர் லொறியைச் சுற்றிப் பின்புறம் சென்று திரும்பி வந்தார். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பெயரைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தண்டப் பத்திரத்தை எழுதிக் கையிற் கொடுத்தார். எழுத்துச் சிங்களம். அப்பகுதியில் வேகத்துக்கே தண்டம் எழுதுவது வழக்கம் என்று சாரதிகளிடையே பேச்சு. ஆகவே தாமும் வேகமாக ஓடியதற்கே தண்டம் பெற்றதாக மாமா எண்ணிக்கொண்டார். தபாற் கந்தோரிற் பணத்தைக் கட்டினார். அதன்பின் மிகக் கவனமாக, மெதுவாகவே ஓடினார். பதினொரு நாட்களின் பின் பேலியகொடையில் மீன் வாங்கும் முதலாளி ஒருவர் அப்பத்திரத்தைத் தற்செயலாகக் கையில் எடுத்து வாசித்தார். வேகத்துக்கன்று அத்தண்டம். லொறியின் வலப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை என்பதற்கே.

அந்தப் பதினொரு நாட்களில் ஐந்து தடவை அவர் கொழும்பு சென்று மீண்டிருந்தார். செட்டிக்குளத்துக்கும் முருங்கனுக்குமிடையே விளக்கில்லாத காட்டு வீதி. இடப்பக்கத்து விளக்கு மட்டும் எரியும் லொறி, பின்னால் வருபவனுக்கு வீதியோரமாகச் செல்லும் மோட்டார் சைக்கிள் போலவே தோன்றும். முந்திச் செல்ல முயன்றால் லொறியின் பின்மூலையில் மோதுவான். அவ்வாறு எவரும் மோதவில்லை என்பது நற்பேறு. இதனை எனக்குக் கூறியபொழுது மாமா இறுதியிற் சொன்னது இது: “எழுதித் தந்தவர் வாயே திறக்கேல்ல, மருமகன். லைட் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாப் போதும். அது அவருக்கும் லைட், எனக்கும் லைட்.”

என் சிந்தனையைக் கிளறியது இந்த ஒரு சொல்லே. இருவருக்கும் பொதுவான சொல் ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்த கணத்திலேயே, இவனுடன் பேசிப் பயனில்லை என்று அலுவலர் முடிவுசெய்துவிட்டார் போலும். பத்திரத்தை வாசித்துக் காட்டுமாறு கேட்பதற்கு மாமாவுக்கும் கூச்சம். சட்டம் தன் கடமையைச் செய்ததாகப் பதிவேடு கூறும். குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது, தண்டம் அறவிடப்பட்டது. விளக்கு மட்டும் எரியவில்லை. விளக்கை எரியச் செய்வதற்காகவே இயற்றப்பட்ட சட்டம், விளக்கைத் தவிர ஏனைய எல்லாவற்றையும் நிறைவேற்றியது.

சிங்களம் தெரியாதவனுக்கு அவ்வீதியில் லொறி ஓட்ட அனுமதி வழங்கியதே பிழை என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. வீதி சாரதிக்கும் பொலிசாருக்கும் மட்டும் உரியதன்று. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கு எந்த மொழி உரிமையைப் பற்றியும் கவலையில்லை; உயிரைப் பற்றியே கவலை. 2025 ஓகஸ்ட் 12ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருந்தெருவொன்றில், அலுவலக வாகனங்களுக்கென விடப்பட்டிருந்த இடைவெளியில் லொறியொன்று திரும்ப முற்பட்டபோது, பின்னால் வந்த வாகனம் அதன்மீது மோதி மூவர் மாண்டனர். சாரதி பின்னர் ஆங்கிலச் சோதனையில் மிகச் சில வினாக்களுக்கே சரியான விடையளித்தார் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் அறிவித்தது. அம்மூவரின் உறவினரிடம் சென்று மொழிச் சமத்துவம் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

வான்வழிப் போக்குவரத்து இவ்வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. 1996 நவம்பர் 12ஆம் திகதி டில்லிக்கு அருகே, சார்க்கி தாத்ரி என்னுமூரின் மேலே, சவூதி விமானமும் கசக்கஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். கட்டுப்பாட்டு நிலையம் ஆங்கிலத்திற் கூறியதை கசக்கஸ்தான் விமானிகள் செம்மையாக விளங்கிக்கொள்ளாமை காரணங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. இத்தகைய விபத்துகளின் பின்னரே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தேர்ச்சி நிலைகளை வகுத்தது. 2008 மார்ச்சில் அவை நடைமுறைக்கு வந்தன. இந்நிபந்தனையை அநீதியென்று எவரும் கூறார். வானிலே குறியீட்டுப் பலகை இல்லை. நிறுத்திக் கேட்க இடமில்லை. காதிற் கேட்கும் குரலே வழி. அக்குரல் விளங்காத கணமே ஆபத்து. இங்கு மொழியறிவு தொழிலுக்குப் புறம்பான தகுதியன்று, தொழிலின் உறுப்பு.

ஆகவே மொழி நிபந்தனை எல்லாம் தீது என்பது என் கட்சியன்று. ஆபத்து மொழியினூடாகவே வந்து, மொழியினாலேயே நீங்கக்கூடியதாயின், நிபந்தனை அறமானது. அதே ஆபத்தை வேறு வழியால் நீக்க இயலுமாயின், அவ்வழியை நாடாது சாரதியின் தலையிற் சுமையை ஏற்றுதல் அறமன்று. வீதி எவ்வகையைச் சேர்ந்தது என்பதே கேள்வி.

வீதி பெரிதும் கண்ணுக்குரியது. மன்னார்ப் பட்டினத்தில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதை குறுக்கே வரும்போது சாரதிக்கு உதவுவன கண்ணும் காலுமே. மனிதர் எழுப்பிய அறிவிப்புகளையும் கண்ணுக்கு விளங்கும் உருவங்களாக்கலாம் என்பதை உலகம் ஏற்கெனவே கண்டுகொண்டுள்ளது. 1968ஆம் ஆண்டு வியன்னாவிற் செய்யப்பட்ட வீதிக் குறியீட்டு உடன்படிக்கை இவ்வடிப்படையிலேயே அமைந்தது; சிவப்பு முக்கோணத்துக்கு எம்மொழியும் வேண்டியதில்லை. அமெரிக்கா அவ்வுடன்படிக்கையிற் சேரவில்லை. அதன் வீதிப் பலகைகளில் ஏனைய நாடுகளிலும் பார்க்கச் சொற்கள் மிகுதி. புளோரிடாவிற் குறிப்பிட்ட அத்தகைய இடைவெளிகளிலும் அறிவிப்பு சொற்களிலேயே எழுதப்படுவது வழக்கம். அங்கே ஆங்கிலம் அறியாமை ஆபத்தாகுமாயின், அந்த ஆபத்தின் ஒரு பங்கு பலகையை எழுதியவரையும், சோதியாது அனுமதிப்பத்திரம் வழங்கியவரையும் சாரும்.

இன்னுமொரு சான்று என்னைப் பெரிதும் கவர்ந்தது. எரிபொருள், அமிலம், நச்சுவாயு போன்ற ஆபத்தான பண்டங்களை வீதியால் ஏற்றிச்செல்வது பற்றி 1957இல் ஜெனீவாவில் ஓர் ஐரோப்பிய உடன்படிக்கை செய்யப்பட்டது. விபத்து நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்னும் எழுத்து அறிவுறுத்தல்கள் லொறியில் இருத்தல் வேண்டும் என்கிறது அது. எம்மொழியில்? செல்லும் நாட்டின் மொழியிலன்று. லொறியிற் செல்லும் ஒவ்வொருவரும் வாசித்து விளங்கக்கூடிய மொழியில். அவ்வாறு வழங்கும் பொறுப்பு ஏற்றிச்செல்லும் நிறுவனத்துக்குரியது. புறப்படுமுன்னரே வழங்குதல் வேண்டும். உயிராபத்து மிக மிகுந்த இடத்தில், சாரதி எம்மொழியை அறிவான் என்று கேட்டு அறிவுறுத்தலை அதற்கேற்ப அமைத்துக்கொள்கின்றது இவ்விதி. பாதுகாப்பே நோக்கமெனில் சுமை எப்பக்கம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் காணவில்லை.

அமெரிக்க விதியின் நான்கு கூறுகளை மீண்டும் நோக்கினால் அவை ஒரே தன்மையின அல்ல என்பது புலனாகும். குறியீடுகளை விளங்கிக்கொள்ளுதல் உயிரைப் பற்றியது. அலுவலருக்கு விடையளித்தலும் பதிவேடு நிரப்புதலும் பெரும்பாலும் அலுவலகத்தின் வசதியைப் பற்றியவை. பொதுமக்களுடன் உரையாடுதல் எதைப் பற்றியது என்று எனக்கு விளங்கவில்லை. மீனுடன் செல்பவர் வழியில் யாருடன் உரையாடவேண்டும்? உயிர்காப்பு என்னும் ஒரு போர்வையின் கீழ் நான்கையும் ஒன்றாகக் கட்டியமையே அவ்விதியின் குற்றம்.

இவ்வகைப் போர்வை நமக்குப் பழக்கமானதே. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. அடுத்த ஆண்டு மோட்டார் வாகனங்களின் இலக்கத்தகட்டிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து ஏறியது. தமிழரசுக் கட்சியினர் அதனைத் தமிழ் எழுத்தால் மாற்றி இயக்கம் நடத்தினர். 1958இல் புதிதாகத் தேசியமயமாக்கப்பட்ட பஸ் வண்டிகள் அவ்வெழுத்துடன் வடக்கே வந்தபோது கிளர்ச்சி மூண்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. வண்டியொன்றை இனங்காண எண்கள் போதும். அத்தனை பகையை விளைத்த அத்தகட்டில் இன்று ஆங்கில எழுத்துகளே உள்ளன என்பதை இங்கு ஒரு வேடிக்கையாகவே குறித்துச் செல்கின்றேன்.

தொழிலுக்கு மொழி நிபந்தனையான வரலாறு இதனினும் நேரானது. 1961 டிசெம்பரில் வெளிவந்த திறைசேரிச் சுற்றறிக்கை, அரசாங்க உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சி பெறாவிடின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த செல்லையா கோடீஸ்வரன் அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. வழக்கிட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கெதிராக வழக்கிட முடியாது என்று கூறி 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் தலையாய வினாவை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. வினா விடையின்றியே நின்றுபோயிற்று. அரசு கேட்டது, எழுதுவினைஞர் தன் மொழியைப் பேசவேண்டும் என்று. மக்களில் ஒரு பகுதியினரின் மொழியை அரசு பேசவேண்டாமா என்று எவரும் அச்சுற்றறிக்கையிற் கேட்கவில்லை.

பின்னர் சட்டம் திரும்பியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும் உரித்துடையவர். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை முதல் சேவையிற் சேரும் உத்தியோகத்தர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. 1961இன் சுற்றறிக்கையையும் 2007இன் சுற்றறிக்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் உத்தியோகத்தரை மொழி கற்குமாறே பணிக்கின்றன. முன்னையது அரசின் மொழியைக் கற்கச் சொன்னது. பின்னையது, எதிரே நிற்கும் குடிமகனின் மொழியைக் கற்கச் சொல்கின்றது. அறவியல் நோக்கில் இவற்றிடையே உள்ள தூரம் பெரிது. ஏட்டில் உள்ள உரிமை மாமாவின் லொறிக் கதவருகே வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

தோமஸ் அக்குவினாஸ் சட்டத்துக்கு வரைவிலக்கணம் கூறுமிடத்து, அறிவிக்கப்படுதலையும் அதன் உறுப்புகளுள் ஒன்றாகச் சேர்த்தார். அறிவிக்கப்படாத கட்டளை குறையுள்ள சட்டமன்று. சட்டமே அன்று என்பது இதனாற் பெறப்படும். நம் காலத்தவரான லோன் புல்லர் 1964இல் வெளியிட்ட ‘சட்டத்தின் அறம்’ என்னும் நூலில், சட்டம் தோல்வியுறும் எட்டு வழிகளைக் காட்டினார். வெளியிடாமையும் விளங்காமையும் அவற்றுட் சேர்ந்தவை. உரோமப் பேரரசன் கலிகுலா வரிச் சட்டத்தை மிகச் சிறிய எழுத்தில் எழுதி, நெருக்கமான இடமொன்றில் தொங்கவிட்டான் என்று வரலாற்றாசிரியர் சுவெற்றோனியசு கூறுவார். அவனை நாம் கொடுங்கோலன் என்கின்றோம். கண்ணுக்கெட்டாத எழுத்துக்கும், கண்ணுக்கெட்டியும் கருத்துக்கெட்டாத எழுத்துக்கும் படிப்பவனளவில் என்ன வேறுபாடு?

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை நமக்கு இனிக்கும். ஆயின் அளவுகோல் இருபக்கமும் அளக்கவேண்டும். ஓகஸ்ட் மாதம் மடுமாதாவின் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கான சிங்களக் கத்தோலிக்கர் பஸ்களில் வருகின்றனர். அப்பஸ்களின் சாரதிகள் நம் அலுவலர்களிடமிருந்து எம்மொழியில் மறுமொழி பெறுகின்றனர்? வடக்கிலே சிங்களத்திற் தொடர்புகொள்ளும் உரிமை அதே திருத்தத்தில் அவர்களுக்கும் உண்டு. அதனை நினைவூட்டும் கட்டுரையைத் தமிழ் மலர் எதிலும் நான் வாசித்ததில்லை. இது அவர்களுக்கு முன்னர் இழைக்கப்பட்டதன் பதிலடி என்போர், பதிலடி வீதியில் யார்மீது விழும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வேறொன்றும் உண்டு. தமிழில் அச்சிட்டுவிட்டாற் போதும் என்று நாம் எண்ணுகின்றோம். அரசாங்கப் படிவத்தின் தமிழ்ப் பக்கத்தை வாசித்து விளங்கிய சாரதி ஒருவரை எனக்குக் காட்டுங்கள். சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ சொல்லுக்குச் சொல் பெயர்த்த அத்தமிழ், எட்டாம் வகுப்புடன் கடலுக்குப் போனவனுக்குச் சிங்களத்தைப் போலவே அந்நியமானது. வலப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை என்பதை எத்தனை முறுக்கிச் சொல்லலாமோ அத்தனை முறுக்கிச் சொல்லும் ஆற்றல் நம் மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு. (இக்கட்டுரையின் தமிழையும் மாமா வாசிக்கமாட்டார். அக்குறையை நான் ஒப்புக்கொள்கின்றேன்.) ஆகவே எம்மொழியிற் கூறுவது என்பதோடு வினா முடிந்துவிடாது, கேட்பவனுக்கு விளங்கியதா என்று பார்த்தபின்பே கூறுதல் முற்றுப்பெறும்.

சாரதிக்குக் கடமை எதுவும் இல்லையா? உண்டு. நாள்தோறும் ஒரு வழியிற் செல்பவன் அவ்வழியிலுள்ளோரின் மொழியைச் சிறிதேனும் கற்றல் நன்று. அயலாரின் மொழியை அறிவது அயலாருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் மரியாதையும் தகுதி நிபந்தனையும் ஒன்றல்ல. போர்க்காலத்தில் மதவாச்சிச் சோதனைச் சாவடியிற் சிங்களம் தெரிந்தவன் விரைவிற் கடந்தான், தெரியாதவன் மீனுடன் காத்திருந்து ஐஸ் கரையக் கண்டான் என்று எங்களூர் முதியோர் கூறுவர். அங்கே கற்றுக்கொண்ட மொழி அச்சத்தின் மொழி. பேலியகொடையில் விலை பேசக் கற்றது வேறு வகை; அதனைச் சட்டம் எதுவும் கட்டாயமாக்கவில்லை. தண்டப் பத்திரத்தை வாசித்துச் சொன்ன அந்த மீன் முதலாளி நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். அவர் சந்தையிலே தமிழ் கற்றவர். மாமா அதே சந்தையிலே சிங்களம் கற்றவர். ஒருவருக்கொருவர் விளங்குமாறு பேசவேண்டியதன் தேவை இருவருக்கும் சமமாயிருந்தது. வீதியோரத்தில் அத்தேவை ஒருவருக்கே இருந்தது. மற்றவரிடம் சீருடையும் பேனையும் இருந்தன.

மாமா இன்னும் அதே வழியில் ஓடுகின்றார். சிங்களம் வாசிக்க இப்பொழுதும் வராது. பொலிசார் எவர் மறித்தாலும் கதவைத் திறந்து இறங்கி, அலுவலருடன் தாமும் லொறியின் பின்புறம் சென்று, விளக்குகளைக் கையாற் தட்டிக் காட்டி, “லைட்?” என்று முதலிற் கேட்கின்றார்.